இருபத்தொன்றே முக்கால் அங்குலம்

ஓசூர்
3 ஜூன் 2025

அன்புள்ள ஐரீனுக்கு,

அண்ணன் அலெக்ஸாண்டர் எழுதுகிறேன். இதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நான்காவதிலும் பிழை இருக்கலாம். பொறுத்துக்கொள்.

ஈஸ்டருக்குப் பிறகு என் போனை நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் பயனில்லை. என் காது இப்போது பாதிதான் வேலை செய்கிறது. மீதியை நானாக ஊகித்துக்கொண்டு ஏதாவது தப்பாகச் சொல்லிவைப்பேன். அதனால்தான் தபால்.

உன் மகள் நேற்று என் மகனிடம் போனில் புலம்பியிருக்கிறாள். அந்தப் பழைய காரை டோல்கேட் பகுதியில் தவ்ஃபீக் என்கிற மெக்கானிக்கிடம் விட்டு, ஸ்பிரிங்கை வெட்டி மூன்று அங்குலம் இறக்கப் போகிறாயாம். மெர்லின் சொன்னதை டெரிக் என் நல்ல காதில் இரண்டு முறை சொன்னான்.

லாரிக் கம்பெனியின் சோதனைப் பிரிவில் முப்பத்தொரு வருடம் ஸ்பிரிங் பார்த்தவன் நான். கார் என் துறை இல்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். வெட்டிய ஸ்பிரிங் குட்டையாவதோடு நிற்காது, விறைத்தும் போகும். சக்கரம் மேலே எழும்பி இறங்க இருக்கிற இடம் குறைந்துவிடும். பள்ளத்தில் விழும்போது ஸ்பிரிங் முழுக்க அமுங்கி, உள்ளே இருக்கும் ரப்பர் கட்டையில் போய் மோதும். அந்த நொடியில் ஸ்பிரிங் இருந்தும் இல்லாததுபோலத்தான். டயர் ரோட்டை விட்டுத் துள்ளும். துள்ளிய டயருக்கு பிரேக்கும் கிடையாது, ஸ்டீயரிங்கும் கிடையாது. போதாக்குறைக்குச் சக்கரங்கள் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்துகொள்ளும். டயரின் உள் ஓரம் மட்டும் தேயும். ஸ்பீட் பிரேக்கரில் வயிறு உரசும். நம் ராயபுரம் பக்கத்து ரோடுகளை யோசித்துப் பார். கன்டெய்னர் லாரிகள் ஓடி ஓடி வாய்க்கால் மாதிரித் தடம் விழுந்த ரோடு.

சட்டமும் இருக்கிறது. வண்டியின் அமைப்பை மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கேட்க வேண்டும். உன்னைப் போல நடக்க முடியாதவர்களுக்கு அனுமதி தருவார்கள் என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியாது.

ஆகவே வேண்டாம் ஐரீன். பழையபடி யாராவது நாலு பேர் கைகொடுத்தால் உன்னைக் காரில் ஏற்றுவது ஒரு நிமிட வேலை. ஈஸ்டர் அன்று நடந்ததைப் பற்றி எழுத நினைத்தேன். எழுத வரவில்லை.

அண்ணன்
அலெக்ஸாண்டர்


ராயபுரம்
9 ஜூன் 2025

அலெக்ஸ் அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தபோது கார் இறங்கிவிட்டது. முன்னால் மூன்று அங்குலம், பின்னால் மூன்று அங்குலம். எனவே வேண்டாம் என்று நீ எழுதியதை வேறு யாருக்காவது அனுப்பி வை.

உனக்கு எழுத வரவில்லை என்றால் நான் எழுதுகிறேன். ஈஸ்டர் காலைப் பூசை முடிந்து கோயில் வாசலில் காரின் இடப்பக்கப் பின் கதவைத் திறந்து, என் சக்கர நாற்காலிக்கும் சீட்டுக்கும் நடுவே பலகையைப் போட்டேன். தேக்குப் பலகை. துணி வெட்ட வைத்திருந்தது. இரண்டு முறை முயன்றேன். சீட் உயரம், என் நாற்காலி பள்ளம், மேட்டில் ஏற முடியவில்லை. மூன்றாவது முறைக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் நீ வாசலில் நின்ற நாலு பேரைக் கூப்பிட்டாய். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று கம்பெனியில் எஞ்சின் தூக்குகிறவன் குரலில் எண்ணினாய். நான் ஆகாயத்தில் இருந்தேன். புடவை முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. அதை இழுத்துவிட எனக்குக் கை இல்லை, இரண்டு கையையும் ஆளுக்கொருவன் பிடித்திருந்தான். ஒருவன் சொன்னான், "அக்கா வெயிட்டே இல்லபா, கோழிக்குஞ்சு மாதிரி கீது." எல்லாரும் சிரித்தார்கள். நல்ல மனிதர்கள்தான், கெட்ட எண்ணம் இல்லை. நீயும் சிரித்தாய்.

எனக்கு அறுபத்தாறு வயது. மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் இடுப்பு எலும்பு உடையும்வரை இரும்புச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தவள் நான். நாற்பது வருடம் தையல் மெஷினைக் கையால் சுற்றித் தைத்திருக்கிறேன். இந்தத் தோள்களைப் பார்த்துவிட்டுச் சொல், கோழிக்குஞ்சா என்று. நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை அண்ணா. தூக்கட்டுமா என்று கேட்கவில்லை.

திருவிழாவுக்கு மாதா சிலையையும்தான் நாலு பேர் தோளில் தூக்குகிறார்கள். அவள் சுரூபம். நான் இல்லை.

தவ்ஃபீக் முதலில் என்னைக் கேலி செய்தான். "இன்னாக்கா, ஷோவுக்கு எறக்குற வயசுப் பசங்க மாதிரி வந்து நிக்கிற, பீச் ரோட்ல ரேஸ் உடப் போறியா?" என்றான். எதற்கென்று நாற்காலியைக் காட்டிச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு என் டேப்பை வாங்கி அவனே அளந்தான். நெருப்புக் காட்டாமல் கட்டிங் வீலில் நிதானமாக வெட்டினான். அவனைக் குறை சொல்லாதே.

நேற்று நானாக ஏறினேன். கடைசி ஒரு அங்குலம் பெரிய சண்டைதான், வயதாகிறது. ஆனாலும் ஏறினேன். எம்.சி. ரோட்டுத் துணிக்கடைக்குப் போய், திருவிழாவுக்கு வருடா வருடம் நான் தைக்கும் மாதா உடுப்புக்கு நீலப் பட்டுத் துணியை என் விரலால் தொட்டுப் பார்த்து வாங்கினேன். இரண்டு வருடமாக மெர்லின் போனில் காட்டும் படத்தைப் பார்த்துத்தான் பட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் பதினான்காம் தேதி சாயங்காலம் அந்த உடுப்பை நானே கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். நானே ஏறி நானே இறங்குவேன். ஈஸ்டர் அன்று சிரித்தவர்கள் எல்லாம் அன்றைக்கும் வாசலில் இருப்பார்கள். இருக்கட்டும்.

வழியில் ஸ்பீட் பிரேக்கரில் வயிறு உரசியது உண்மை. உரசட்டும்.

ஐரீன்


ஓசூர்
16 ஜூன் 2025

அன்புள்ள ஐரீனுக்கு,

கடிதம் கிடைத்தது. சிரித்தேன் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு நினைவில்லை என்று எழுதி, அடித்துவிட்டேன். சிரித்திருப்பேன். பயந்தால் நான் சிரிப்பேன். அது உனக்கும் தெரியும்.

அன்று சரிவுப் பாதையை மறித்து மோட்டார் சைக்கிள்கள் நின்றன. பின்னால் இரண்டு கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. பலகை வழுக்கி நீ விழுந்துவிடுவாய் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. இவையெல்லாம் காரணங்கள். சமாதானம் ஆகாது என்பது எனக்கே தெரிகிறது.

கார் இறங்கிவிட்டது. இனி வேண்டாம் என்று சொல்வதில் பொருளில்லை. இனி தெரிந்துகொள்வதுதான் முறை. தயவுசெய்து இதையெல்லாம் பார்த்து எழுது. சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே உள்ள தகட்டின் விளிம்புவரை எத்தனை அங்குலம்? நாலு சக்கரத்துக்கும் தனித்தனியாக வேண்டும். முதலில் கார் காலியாக இருக்கும்போது, பிறகு மெர்லின் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தபின். டயரின் உள் ஓரத்தைத் தடவிப் பார்த்தால் எப்படி இருக்கிறது? நேர் ரோட்டில் ஸ்டீயரிங்கை லேசாக விட்டால் எந்தப் பக்கம் இழுக்கிறது? சீட்டின் உயரம், நாற்காலியின் உயரம், இரண்டும் தரையிலிருந்து எவ்வளவு?

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையில்லை. வண்டியை இறக்குவதே தவறு என்று நான் எழுதியதுபோல் ஆகிவிட்டது. அப்படி இல்லை. கனம் தரைக்குப் பக்கத்தில் இருந்தால் திருப்பத்தில் வண்டி குறைவாகச் சாயும், ரோட்டை நன்றாகப் பிடிக்கும். அளவோடும் அதற்கேற்ற ஸ்பிரிங்கோடும் இறக்கினால் நல்லதுதான். மூன்று அங்குலம் அளவல்ல என்று நினைக்கிறேன். தவறாகவும் இருக்கலாம்.

பதில் வரும்வரை கன்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர் பக்கம் போகாதே. இது கட்டளை இல்லை. வேண்டுகோள்.

அண்ணன்
அலெக்ஸாண்டர்


ராயபுரம்
25 ஜூன் 2025

அலெக்ஸ் அண்ணாவுக்கு,

உன் வேண்டுகோள் வருவதற்கு முந்தின நாளே எண்ணூர் போய்விட்டோம். தபால்காரரும் உன்னைப் போலவே எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்கிறார்.

காத்திவாக்கத்தில் சிலுவையம்மாள் இருக்கிறாளே, மாதா உடுப்புக்கு வருடா வருடம் பாசிமணி கோத்துத் தருபவள், அவள் வீட்டுக்குப் போனோம். போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பும்போது எண்ணூர் விரைவுச் சாலையில் எங்களுக்கு முன்னால் போன ட்ரெய்லர் திடீரென்று வேகம் குறைத்தது. மெர்லின் பிரேக் போட்டாள். சரியாக அந்த இடத்தில் லாரித் தடம், வரிசையாக மேடு பள்ளம். காரின் பின்பக்கம் எழும்பியது. எழும்பின இடத்தில் இறங்காமல் பக்கவாட்டில் நகர்ந்து, ஒரு முழம் தள்ளி இறங்கியது. பக்கத்தில் இன்னொரு ட்ரெய்லர் இருந்தது. அதன் டயர் என் ஜன்னலை விடப் பெரியது. மெர்லின் எப்படியோ நேராக்கி ஓரம் கட்டினாள். எஞ்சினை நிறுத்தினாள். பிறகு சொன்னாள், "எம்மா, ஒண்ணு காரு ஏறணும், இல்ல நான் எறங்கணும்."

நீ எழுதியது எழுதியபடி நடந்தது. எழுதக் கசக்கிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

நீ கேட்ட அளவுகள். கார் காலியாக இருக்கும்போது முன் இடம் பதினொன்றே கால், முன் வலம் பதினொன்றரை, பின் இடம் பதினொன்று, பின் வலம் பதினொன்றே முக்கால். நாலு காலும் நாலு விதம். மெர்லின் உட்கார்ந்தால் வலப்பக்கம் அரை அங்குலத்துக்கு மேல் இறங்குகிறது, இடப்பக்கம் கால் அங்குலம். டயரின் உள் ஓரம் வழவழவென்று இருக்கிறது, வெளி ஓரம் புதுசு. ஸ்டீயரிங் இடப்பக்கம் இழுக்கிறது. சீட்டின் உயரம் முன்பு இருபத்துமூன்று, இப்போது இருபது. நாற்காலி இருபது. இரண்டும் சமம். அப்படியும் ஏறுவதற்கு மூச்சு முட்டுகிறது. எனக்கு வயதாகிவிட்டது என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

தவ்ஃபீக் பழைய உயரத்துக்கே புது ஸ்பிரிங் போட்டுத் தருகிறேன் என்கிறான். மெர்லினும் அதையே சொல்கிறாள். கோயிலில் இருந்து வந்தவர்கள், உடுப்பை நாங்களே வந்து வாங்கிக்கொள்கிறோம், நீங்கள் எதற்குச் சிரமப்படுகிறீர்கள் என்கிறார்கள். எல்லாரும் அன்பாகத்தான் சொல்கிறார்கள். இந்த அன்பு மொத்தமாகச் சேர்ந்து கடைசியில் என்னை வீட்டுக்குள் உட்கார வைத்துவிடும் அண்ணா. காரை ஏற்றினால் என்னை ஏற்ற நாலு பேர் வேண்டும். அது நடக்காது. என் பிணத்தைத் தூக்க நாலு பேர் வரட்டும், அதுவரை ஒருவரும் வேண்டாம்.

நீ முப்பத்தொரு வருடம் ஸ்பிரிங் பார்த்தவன்தானே. என்ன செய்யக் கூடாது என்று எழுதிவிட்டாய். என்ன செய்யலாம் என்று எழுத உனக்குத் தெரியுமா?

ஐரீன்


ஓசூர்
2 ஜூலை 2025

அன்புள்ள ஐரீனுக்கு,

உன் கடைசி வரியை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு, உன் அளவுகளைக் கட்டம் போட்ட தாளில் வரைந்தேன். இரண்டு நாள் வரைந்தேன். இருபதும் இருபதும் சமம் என்றால் நீ ஏன் மூச்சு முட்ட வேண்டும்? உன் வயதை நான் ஏற்கவில்லை. என் அனுபவத்தில், கணக்கு ஒத்துவந்தும் வண்டி ஒத்துவராவிட்டால் அளந்தவன் எங்கோ தவறியிருப்பான்.

ஒரு கேள்வி. நாற்காலியை அளந்தபோது நீ அதில் உட்கார்ந்திருந்தாயா?

இருக்க மாட்டாய். உட்கார்ந்துகொண்டே தன் நாற்காலியை யாரும் அளக்க முடியாது. கட்டிலில் இருந்தபடி காலி நாற்காலியின் மெத்தைக்கு டேப் பிடித்திருப்பாய். அது ஸ்பாஞ்ச் மெத்தை. நீ உட்கார்ந்தால் ஒன்று, ஒன்றரை அங்குலம் அமுங்கும். ஆகவே நீ ஏறுவது இருபதிலிருந்து இருபதுக்கு இல்லை, பதினெட்டரையிலிருந்து இருபதுக்கு. நீ சண்டை போட்டது உன் வயதோடு அல்ல, அந்த ஒன்றரை அங்குலத்தோடு.

உடம்பை அளக்காமல் ஒரு ரவிக்கைகூட வெட்டாதவள் நீ. எனக்கும் இதே வெட்கம்தான். மணல் மூட்டை ஏற்றாமல் ஒரு லாரியைக்கூட நான் அளந்ததில்லை. ஆனால் உன்னிடம் கேட்டபோது காருக்கு மட்டும் ஆளை ஏற்றி அளக்கச் சொன்னேன். நாற்காலிக்குச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அதில் இருப்பது நீ என்பதை மறந்துவிட்டேன். ஈஸ்டர் அன்று செய்ததும் இதுதான் என்று இந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது புரிந்தது. தூக்க வேண்டிய எடையைப் பார்த்தேன். அதில் இருந்த உன்னைக் கேட்கவில்லை. மன்னித்துவிடு. இதை ஏப்ரலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

என்ன செய்யலாம் என்று கேட்டாய். காரை மட்டும் இறக்க வேண்டாம், நாற்காலியையும் ஏற்றலாம். மெத்தையை மாற்றி, அடியில் பலகை வைத்து, அமுங்காத கெட்டி மெத்தையாகப் போடு. நீ உட்கார்ந்தபின் தரையிலிருந்து இருபத்தொன்றே முக்கால் அங்குலம் வர வேண்டும். இம்முறை நீ உட்கார்ந்திருக்க, மெர்லின் அளக்கட்டும். அதற்கு மேலே போகாதே. நாற்காலி உயர்ந்தால் உன் கை சக்கரத்தை எட்டாது, கனம் மேலே போய் நாற்காலி கவிழப் பார்க்கும். காரை இறக்குவதன் நன்மையே நாற்காலியை ஏற்றுவதன் தீமை.

காரில் வெட்டிய ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிடு. ஒரு அங்குலம் மட்டும் குட்டையாகச் செய்தே விற்கிற ஸ்பிரிங் இருக்கிறது, அதற்கேற்ற ஷாக் அப்சர்பரும் கிடைக்கும். நாலும் ஒரே செட்டாக வாங்கு. மாட்டியபின் சக்கரங்களின் சாய்வைச் சரிபார்க்கச் சொல். அப்போது காலிக் காரில் சீட் இருபத்திரண்டில் நிற்கும். ஓட்டுபவர் உட்கார்ந்தால் இடப்பக்கம் கால் அங்குலம் இறங்கி இருபத்தொன்றே முக்கால். ஆகவே நீ ஏறும்போதும் இறங்கும்போதும் ஓட்டுபவர் தன் சீட்டில் இருந்தே ஆக வேண்டும். இறங்கி வந்து உதவக் கூடாது. இது முக்கியம்.

ஆர்.டி.ஓ.வுக்கு மனு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அளவுகளைச் சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கம்பெனியில் என் கையெழுத்துக்குக் கீழே "மறு ஆய்வுக்கு உட்பட்டது" என்று எப்போதும் எழுதுவேன். இதில் எழுதவில்லை.

அண்ணன்
அலெக்ஸாண்டர்


ராயபுரம்
18 ஜூலை 2025

அலெக்ஸ் அண்ணாவுக்கு,

உட்கார்ந்தேன், மெர்லின் அளந்தாள். பதினெட்டரை. கால் அங்குலம்கூடப் பிசகவில்லை. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வாடிக்கைக்காரிகளிடம் மூச்சைப் பிடிக்காதே, இயல்பாக நில் என்று அதட்டி அளக்கிறவள் நான்.

தவ்ஃபீக்கிடம் உன் தாளைக் காட்டினேன். "ஓசூர்ல குந்திகினு டோல்கேட்டு வண்டிக்கு மருந்து எழுதுது பெருசு" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பிறகு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மறுநாள் அவனாகவே வந்து, "கணக்கு கரீட்டாத்தான்கா கீது, செட்டு சொல்லிட்டேன்" என்றான். நாலு நாளில் மாட்டினான். இப்போது நாலு சக்கரமும் ஒரே அளவு. வெட்டிய பழைய ஸ்பிரிங் துண்டுகளைத் தூக்கி எறியாமல் கேட்டு வாங்கி வந்தேன். பட்டின் மேல் காகிதம் வைத்து வெட்டும்போது நகராமல் இருக்க அவற்றை மேலே வைக்கிறேன். அவற்றால் ஒரு உபயோகமாவது இருக்கட்டும். மனுவுக்கு அனுமதியும் கிடைத்துவிட்டது. அலுவலகத்தில் இருந்த அம்மா உன் கையெழுத்தைப் பார்த்து, இவ்வளவு அழகாக யார் எழுதுகிறார்கள் என்று கேட்டாள். இதை உனக்கு எழுத வேண்டாம் என்று நினைத்தேன்.

புது மெத்தையில் உட்கார்ந்தால் மெஷின் மேசை முழங்காலில் இடிக்கிறது. மேசைக்கு அடியில் நாலு செங்கல் வைத்தாகிவிட்டது.

ஏறினேன் அண்ணா. மூச்சு வாங்கவில்லை. மேஜையில் துணி நகர்வதுபோல நகர்ந்துவிட்டேன்.

ஒரு தடைதான் மிச்சம். மெர்லின் அந்தக் காரை ஓட்ட மாட்டேன் என்கிறாள். அந்த ட்ரெய்லர் டயர் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. மாமா வந்து அதே ரோட்டில் ஓட்டிப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் ஸ்டீயரிங்கைத் தொடுவாளாம். உன்னைத் தவிர யார் சொன்னாலும் நம்ப மாட்டாளாம்.

வருவதானால் வா. ஒரு நிபந்தனை உண்டு. என்னைத் தொடக் கூடாது. நான் விழுந்தால் விழுந்து எழுவேன். எழ முடியாவிட்டால் கூப்பிடுவேன். அப்போது வா.

ஐரீன்


ஓசூர்
26 ஜூலை 2025

அன்புள்ள ஐரீனுக்கு,

ஆகஸ்ட் பத்தாம் தேதி காலை பஸ்ஸில் கிளம்புகிறேன். டெரிக் விடமாட்டேன் என்றான். எழுபத்திரண்டு வயதில், பாதிக் காதோடு, எண்ணூர் ரோட்டில் காரைச் சோதிக்கப் போகிறீர்களா, நாலு வருடமாக ஸ்டீயரிங்கையே தொடவில்லையே என்றான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவன் சொல்வதில் எப்போதும் நியாயம் இருக்கும். அதனால் நான் எப்போதும் அவன் சொன்னபடி கேட்பேன்.

இம்முறை, "நான் உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன்" என்றேன். சொல்லிவிட்டு என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.

ஆறு நாளாக இங்கே காலையில் அவன் காரை ஓட்டிப் பழகுகிறேன். காதுக்குக் கருவி வாங்கிவிட்டேன். டாக்டரிடம் கண்ணையும் காட்டி, ஓட்டலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டேன். அங்கே முதல் நாள் நான் மட்டும் ஓட்டுவேன், மணல் மூட்டைகளோடு. உன் எடைக்கு ஒன்றரை மூட்டை. கோபித்துக்கொள்ளாதே, அது முறை.

நிபந்தனையை ஏற்கிறேன்.

அண்ணன்
அலெக்ஸாண்டர்


ராயபுரம்
19 ஆகஸ்ட் 2025

அலெக்ஸ் அண்ணாவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். நேரில் சொல்லாததை எழுதுகிறேன். நேரில் சொல்லியிருந்தால் நீ பயந்து சிரித்திருப்பாய்.

எண்ணூர் ரோட்டில் அதே தடத்தில் நீ பிரேக் போட்டுக் காட்டியபோது மெர்லின் பக்கத்துச் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாளாம். கார் குலுங்கியதாம், ஆனால் நேராகவே நின்றதாம். கண்ணைத் திறந்து, "இப்ப நான் ஓட்றேன், நீ எறங்கு மாமா" என்றாளாம். நீ அதை என்னிடம் சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள். ஆனாலும் பதினான்காம் தேதி உன்னையே ஓட்டச் சொன்னேன். அவள் உடுப்பை வைத்திருக்க வேண்டும் என்றது சாக்கு. அந்த வாசலுக்கு நீ வர வேண்டும் என்று எனக்கு இருந்தது.

அன்று நீ டிரைவர் சீட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாய். தேர் மேளத்தில் உன் கருவி இரைகிறது என்று கழற்றி வைத்துவிட்டாய். ஆகவே உனக்குக் கேட்டிருக்காது. கேள்.

பின் கதவைத் திறந்து, மெர்லின் இறக்கி வைத்த நாற்காலியின் சக்கரத்தைப் பூட்டி, பலகையைப் போட்டேன். மெர்லின் உடுப்புத் தட்டோடு தள்ளி நின்றாள். ஈஸ்டர் கூட்டம் அப்படியே இருந்தது. கோழிக்குஞ்சு என்றவன்தான் முதலில் வந்தான். "நகருக்கா, ஒரு கை புடிக்கிறோம்" என்றான். வேண்டாம் என்றேன். சிரித்துக்கொண்டே நின்றான். அப்புறம் உன்னைப் பார்த்தான். "இன்னா பெருசு, தங்கச்சி இங்க தொங்கிகினு கீது, நீ ராஜா மாதிரி குந்திகினு கீற? எறங்கி வா நைனா" என்றான். பின்னால் இன்னொருவன், "செவுடுபா அது, உடு" என்றான். கூட்டம் சிரித்தது. நீ அசையவில்லை.

பாதிப் பலகையில் இருந்தேன். அப்போது பலகையின் நாற்காலிப் பக்க முனை நழுவியது. அரை விரல் அளவுதான். ஆனால் என் மொத்த உடம்பும் அதன் மேல் இருந்தது. மெர்லின் கத்தினாள். நாலு பேரும் கையை நீட்டிக்கொண்டு பாய்ந்தார்கள்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. "யாரும் அவளைத் தொடாதீங்க!"

என் அறுபத்தாறு வருடத்தில் உன் வாயிலிருந்து நான் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. மேளக்காரனே அடிப்பதை நிறுத்திவிட்டான். நாலு பேரும் நீட்டிய கையோடு நின்றார்கள். அந்த அமைதியில் நான் பலகையைச் சரி செய்தேன், மூச்சு விட்டேன், நகர்ந்தேன், உட்கார்ந்தேன். எத்தனை நேரம் ஆனது என்று தெரியவில்லை. நீ எண்ணியிருப்பாய்.

உடுப்பை மடியில் வைத்துக்கொண்டு நானே சக்கரத்தைத் தள்ளி உள்ளே போனேன். கோழிக்குஞ்சு எனக்கு முன்னால் ஓடி, சரிவுப் பாதையில் நின்ற மோட்டார் சைக்கிள்களை நகர்த்தினான். அதை மட்டும் அனுமதித்தேன்.

மாதாவுக்கு உடுப்பு சரியாக இருந்தது. அவள் பிரச்சினை இல்லாதவள், வருடா வருடம் ஒரே அளவு.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. நீ முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாய். காதும் இல்லை. பலகை நழுவியது உனக்கு எப்படித் தெரிந்தது?

ஐரீன்


ஓசூர்
25 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஐரீனுக்கு,

கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். இடப்பக்க முன் கதவுக் கண்ணாடியை உன் பின் கதவு தெரியும்படி வீட்டிலேயே திருப்பி வைத்துவிட்டேன். தொடக் கூடாது என்றுதான் நிபந்தனை, பார்க்கக் கூடாது என்று இல்லை. ஆனாலும் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பலகை நழுவியதற்குக் காரணம் நான். எல்லாவற்றையும் வீட்டு வாசலின் சமதளத்தில் அளந்தேன். கோயில் வாசல் மழைநீர் வடிய ஒருபக்கம் சரிந்திருக்கிறது. அந்தச் சரிவை அளக்கவில்லை. நீங்கள் எல்லாரும் உள்ளே போனபின் இறங்கி அளந்தேன். நாற்காலிப் பக்கம் முக்கால் அங்குலம் பள்ளம். அதற்கு ஒரு மரச் சரிவுக்கட்டை செய்து இத்துடன் பார்சலில் அனுப்புகிறேன். நாற்காலியின் சக்கரத்துக்கு அடியில் வை. ஆரஞ்சு பெயின்ட் அடித்த பக்கம் மேலே.

அவர்கள் சொன்னது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஒன்றும் இல்லை. பலகை நழுவியபோது என் வலக்கை கதவைத் திறந்துவிட்டது. அது எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. ஒரு காலை வெளியே வைத்துவிட்டேன். அப்போதுதான் கணக்கு நினைவுக்கு வந்தது. நான் எழுந்தால் உன் பக்கம் கால் அங்குலம் உயரும். பலகையோ விளிம்பில் இருக்கிறது. ஓடி வந்து உன்னைப் பிடிப்பதற்குள் நானே உன்னைத் தள்ளியிருப்பேன்.

காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினேன். பிறகு நீ உட்கார்ந்து முடிக்கும்வரை அசையவில்லை. மூன்று நிமிடம் நாற்பது வினாடி.

அன்றைய அளவெல்லாம் என் எடைக்கு, ஐம்பத்தெட்டு கிலோவுக்கு எடுத்தது. அடுத்த முறை மெர்லின் ஓட்டினால் அவள் எடையைக் கேட்டு எழுது. அவள் உட்கார்ந்திருக்கும்போது சீட்டை மறுபடி அளந்துகொள்ளுங்கள். அளவு மாறியிருக்கும்.

அண்ணன்
அலெக்ஸாண்டர்